கோடு போட்ட பாட்டில்

உத்தர வீதி முனையில் பலூன்காரர் ஒரு புதுப் பலூனை இழுத்து விட்டு ஊதினார். ரப்பர் வாசனை. தித்திப்பா மருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த வாசனை, போன மார்கழியைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டது. அப்போது எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தாலே அது அடிக்கும்.

என் மனைவி ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பேட்டரிக்குப் பசை செய்கிறாள். செல்போனிலும் ஸ்கூட்டரிலும் இருக்கிற பேட்டரிக்குள்ளே செப்புத் தகடு, தகட்டின்மேல் கருப்புப் பூச்சு. சார்ஜ் ஏறினால் அந்தக் கரித்தூள் உப்பும், இறங்கினால் சுருங்கும். இறுகிய பசையாக இருந்தால் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். அதனால் ரப்பர். உப்பும்போது கூடவே உப்பி, சுருங்கும்போது கூடவே சுருங்கி, பிடியை மட்டும் விடாத ரப்பர். தண்ணீரில் கலந்து வைத்தால் பார்வைக்குக் கெட்டிப்பால். அதில் ஒரு புது வகையை அவளும் அதே ஆய்வகத்தில் வேலை செய்கிற அவள் தோழியும் சேர்ந்து உண்டாக்கியிருந்தார்கள். ஒரே ஒரு பாட்டில்.

தோழியின் வீடு பாலக்கரையில். கல்லூரி நாளிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு. எங்கள் கல்யாணத்தில் பிரியாணி போடவில்லை என்று இன்றைக்கும் என்னைக் குத்திக் காட்டுகிறவள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது.

ஆய்வக ஃப்ரிட்ஜில் பாட்டில் இடம் மாறியிருக்கிறது என்றாள் மனைவி. மார்க்கரால் அதன்மேல் ஒரு கோடு போட்டுவைத்தாள். பிறகு, ரப்பர்ப் பால் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்றாள்.

"அவளத் தவிர யாருக்குங்க அது என்னன்னு தெரியும்?"

அன்றிலிருந்து பாட்டில் வீட்டுக்கு வந்தது. காலையில் அவளோடு பஸ்ஸில் போகும், சாயங்காலம் அவள் மடியில் திரும்பி வரும்.

வைகுண்ட ஏகாதசிக் கோயில் கூட்டத்துக்காகத் தெருவெல்லாம் தடுப்புக் கட்டைகள். பால் வண்டி உள்ளே வராது. முந்தின நாளே பாக்கெட்டுகளை வாங்கி ஃப்ரீசரில் கல்லாக்கி வைப்பது எங்கள் தெரு வழக்கம். வீட்டில் அது என் அண்ணன் பொறுப்பு.

லீவு முடிந்து ஆய்வகம் திறந்தது. மனைவி பூச்சுப் போட்டுக் காயவைத்து, தகட்டைப் பென்சிலில் சுற்றிப் பார்த்தாள். முன்பெல்லாம் அசையாத பூச்சு, கருகிய அப்பளம்போல் உதிர்ந்தது. பாட்டிலின் அடியில் தவிட்டுக் குறுணையாக ஏதோ கிடந்தது.

"என்னமோ கலந்திருக்கா. நாளைக்கு ஹெச்.ஓ.டி.கிட்ட சொல்லிடப்போறேன். அவ வேலை போனா போகட்டும்."

அன்று சாயங்காலமே தோழி வந்து நின்றாள். செருப்பை ஏன் இத்தனை நிதானமாகக் கழற்றுகிறாள், போனை ஏன் கவிழ்த்து வைக்கிறாள்? எனக்கும் எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது.

"என்னடி, என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிற? உன் புருஷன நான் என்ன கடத்திட்டா போயிட்டேன்? கடத்தினாலும் மறுநாளே திருப்பி அனுப்பிடுவேன், பயப்படாத."

சிரித்தவள் அவள் மட்டும்தான்.

"பாட்டில்ல என்னடி கலந்த?" என்றாள் மனைவி.

தோழியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தபடியே செத்துப்போனது.

அண்ணனுக்கு இந்த மாதிரி நேரங்களில் தெரிந்தது ஒன்றுதான். "இருங்கம்மா, காபி போடறேன்" என்று ஃப்ரீசரிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்து மேடையில் போட்டார். செங்கல் விழுந்த சத்தம். தோழி திரும்பிப் பார்த்தாள். பாக்கெட்டைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

"பெரியண்ணே, ஏகாதசிக்கும் பாலை இப்படித்தான் வெச்சிருந்தீங்களா?"

"பின்ன? கீழ காய்கறி வெக்கக்கூட இடம் இல்ல. இந்தப் புள்ளயோட பாட்டிலயும் மேலதான் தூக்கி வெச்சேன். கெட்டுப்போயிட்டா பாவம், எவ்வளவு உழைப்பு. மறுநாள் இளக வெச்சுக் கீழ எறக்கிட்டேன். ஒரு சொட்டு சிந்தலயே!"

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உறைந்தால் ரப்பர் துளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், இளகினாலும் பிரியாது. இரண்டு பேரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் ரப்பர்ப் பால் ஏன் கோட்டுக்குக் கீழே இறங்கியது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் பலூன் வாசனை அடித்தால் இன்றும் முதலில் அந்தக் கோடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

காபி ஆறிப்போனது. நானும் மனைவியும் தோழியோடு பஸ் ஸ்டாப் வரை போனோம். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புதான்டி. புதுசா ஒண்ணு பண்ணுவோம். சேர்ந்தே."

"பண்ணலாம்."

பஸ் வந்தது. தோழி கையை உருவிக்கொண்டு படியில் ஏறித் திரும்பினாள்.

"அதையும் உங்க வீட்லயே வெச்சுக்கடி. எனக்கு வேணும்னா நீயே ஊத்திக் குடு. நான் தொடமாட்டேன்."