தறிக்கூடத்துக்கு ஒரு சைபர் கொள்கை

மதுரைக்கு வந்த புதிதில், சிம்மக்கல்லில் சாமான் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் செல்லூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. அதனால் ஓட்டுநரிடம், "அண்ணே, சடக்குலயே நிறுத்துங்க" என்றேன். மறுநொடியே பிரேக்கை மிதித்துவிட்டார். நான் முன்கம்பியில் போய் மோதினேன். பையிலிருந்த வெங்காயம் ஆட்டோ முழுக்க உருண்டது. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனை விடவே இல்லை. "என்னண்ணே இப்படி நிறுத்திட்டீங்க" என்றால், அவர் என்னைவிட வருத்தமாகத் திரும்பிப் பார்த்து, "நீங்கதானம்மா சடக்குனு நிறுத்தச் சொன்னீங்க" என்றார். மலேசியாவில் என் ஊரான ஈப்போவில் நமக்குச் சடக்கு என்றால் சாலை. இங்கே அது 'சட்டென்று' என்று பொருள்படும். தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம், மொழிக் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறியிருந்தேன்.

கணவர் முருகேசனை நான் சந்தித்தது கோலாலம்பூரில். இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், இங்கே காப்பீடு என்பார்களே, அதில் கணினித் தணிக்கைப் பிரிவில் இருந்தேன். செல்லூரில் அவர்கள் குடும்பத்துக்குத் துண்டு நெய்யும் விசைத்தறிக் கூடம் ஒன்று உண்டு. அதை அவருடைய அக்கா செல்வராணி தனியாக நடத்திக்கொண்டிருந்தார். உடன் நின்று பார்க்க ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். கணவரின் அக்காவை நம்மூரில் அண்ணி என்போமே, அந்த உறவை இங்கே மதினி என்கிறார்கள். வேலையை விட்டு வந்த வருத்தம் எனக்குள் இருந்தது. அதை ஈடுகட்டத்தான் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் இணையவழி முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். சைபர் பாதுகாப்புக் கொள்கையும் இடர் மேலாண்மையும். அங்கே மாலை வகுப்பென்றால் எனக்கு விடியற்காலை. அந்நேரத்தில் ஈப்போவில் அம்மா காய்கறி வாங்கப் பசாருக்குப் போய்த் திரும்பியே இருப்பார். மூன்று ஊர் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டே தோசை சுடப் பழகினேன்.

தெருவில் யார் கேட்டாலும் மதினி சொல்லும் விளக்கம் ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல திருடன் புடிக்கிற படிப்பு." நான் திருத்திப் பார்த்தேன். "திருடனப் புடிக்கிறது இல்ல மதினி. திருட்டுப் போறதுக்கு முன்னாடியே, எது போகும், போனா எம்புட்டு நட்டம், எதைக் காப்பாத்தணும், எதை விட்டுடலாம்னு யோசிச்சு எழுதி வைக்கிறது." அவர் தலையாட்டிக் கேட்டார். "அப்ப திருடனப் புடிக்க மாட்டியா?" என்றார். அதன் பிறகு நான் திருத்தவில்லை.

ஈப்போவில் எங்கள் தொடர்வீட்டின் வாசலில் இரும்புக் கிரில் உண்டு. பட்டப்பகலிலும் அதில் பூட்டு தொங்கும். அப்பா வாசலில் நிற்கும் காடியின், அதாவது காரின், ஸ்டியரிங்குக்குத் தனிப் பூட்டுப் போடுவார். அலுவலகத்தில் அட்டையைத் தேய்க்காமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது. அப்படி வளர்ந்தவள், செல்லூர்த் தறிக்கூடத்தில் மதினியின் கைப்பேசியைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். ஆர்டர் எல்லாம் அதில்தான் வரும். அது நாள் முழுக்க வாசல் மேஜையில் திறந்தே கிடக்கும். நூல் கொண்டுவருபவர் அதில் கிரிக்கெட் பார்ப்பார். டீக்கடைக்காரர் அதிலிருந்து மனைவிக்குப் பேசுவார். வங்கிச் செயலியின் ரகசிய எண்ணைத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் மதினி அடுத்த ஆளுக்குச் சொல்வார். சந்தின் கடைசி வீடுவரை அது கேட்கும்.

இரண்டாம் பருவத்தில், ஒரு சிறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் ஆபத்துகளை ஆராய்ந்து, கொள்கை எழுதி, அதைச் செயல்படுத்தியும் காட்ட வேண்டும் என்று ஒரு பெரிய பணி கொடுத்தார்கள். தேர்ச்சியே அதை நம்பித்தான் இருந்தது. நான் வெளியே எங்கும் போகவில்லை. தறிக்கூடத்தை எடுத்துக்கொண்டேன். பக்கம் பக்கமாக ஒரு கொள்கை எழுதி, தமிழிலும் ஆக்கி, எல்லாரையும் உட்காரவைத்து வாசித்தேன். மதினி, முருகேசன், வேன் ஓட்டும் மாரி அண்ணன், நெசவாளர்கள் எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். முடித்ததும் "சரித்தா" என்றார் மதினி. எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. மதுரையில் சரி என்றால் 'நீ சொன்னது என் காதில் விழுந்தது' என்று பொருள் என்பதை முருகேசன் அன்றுதான் எனக்கு விளக்கினார்.

என் பேராசிரியை கொள்கையைப் படித்துவிட்டு, இது தனக்காக எழுதப்பட்டது, அங்கே வேலை செய்பவர்களுக்காக எழுதப்படவில்லை என்று குறிப்பெழுதினார். வேண்டுமானால் முன்னறிவிப்போடு ஒரு சோதனை வைத்துப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார். நான் கொள்கையைச் சுருக்கினேன். பொய்ச் செய்தியை அடையாளம் காண மூன்று குறிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்: புது எண், அவசரம், வழக்கமில்லாத இடத்துக்குச் சரக்கு அனுப்பச் சொல்வது. இந்த மாதத்தில் என்றாவது ஒரு நாள் நானே பொய்யாக ஒரு செய்தி அனுப்புவேன், கண்டுபிடியுங்கள் என்று அறிவித்தேன். மதினிக்குப் போட்டி என்றால் உற்சாகம். "அனுப்புத்தா, பாத்துருவோம்" என்றார்.

புதிதாக ஒரு சிம் வாங்கி, சிம்மக்கல் மொத்த வியாபாரி ஒருவர் பேசுவதுபோல எழுதினேன். சரக்கை உடனே வேறு கிடங்குக்கு அனுப்பவும், காடி தயாராக இருக்கட்டும் என்று. அனுப்பியதுதான் தாமதம். தறிக்கூடத்திலிருந்து மதினியின் சிரிப்புச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. "காடியாம்ல காடி. இந்த ஊர்ல வண்டிய எவன் காடின்னு எழுதுவான்?" அன்று முழுக்க வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தச் செய்தியைக் காட்டினார். நான் தோற்றது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. பயிற்சி பலித்துவிட்டது என்று அறிக்கையில் எழுதத் தொடங்கியும் விட்டேன்.

அந்த வார இறுதியில் வாசலில் ஒரு குரல் கேட்டது. "செல்வராணி இருக்காளா?" வெள்ளை வேட்டி, தோளில் எங்கள் தறியில் நெய்த துண்டு, நெற்றியெல்லாம் வியர்வை. உசிலம்பட்டியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியகருப்பன். மதினியின் அப்பா காலத்திலிருந்து இங்கேதான் துண்டு எடுப்பவர். பஸ் பிடித்து வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நாளைக்குப் பேரப்புள்ளைகளுக்குக் காதுகுத்து. வர்ற மாமன் மச்சானுக்கெல்லாம் போத்துறதுக்குத் துண்டு கேட்டு ஆளனுப்பாம, உன்னைய நம்பி செய்திதான அனுப்புனேன். எம் போனு தண்ணித்தொட்டியில விழுந்துருச்சு. அதான் மருமகன் நம்பர்ல இருந்து. கடையில எடம் இல்ல, நேரா மண்டபத்துல எறக்குன்னு எழுதுனேன். அதுக்கு நீ அனுப்புன பதில நீயே படி."

மருமகனுடைய கைப்பேசியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மதினி வாங்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். புது எண், அவசரம், வழக்கமில்லாத இடம். நான் சொல்லிக்கொடுத்த மூன்று குறிகளும் பிசகாமல் இருந்தன. கீழே மதினியின் பதில்: "மறுபடியும் நீதான்னு தெரியும் தேன்மொழி. காடின்னு எழுதாட்டி கண்டுபுடிக்க மாட்டோமா. போயி உலையப் பாரு." அதன் பிறகு பெரியகருப்பன் கூப்பிட்ட அழைப்புகளை மதினி எடுக்காமல், அந்த எண்ணையே தடுத்தும் வைத்திருந்தார்.

"யாரு இந்தத் தேன்மொழி?" என்றார் பெரியகருப்பன். "நேத்து அந்தப் பேரப் போன்ல பாத்ததுல இருந்து எம் மக புருசன்கூடப் பேச மாட்டேங்குறா. அவன் கோயில்ல வந்து சத்தியம் பண்றேங்குறான்."

நான் ஒரு அடி முன்னால் போய், "நான்தாங்க" என்றேன். இடர் மேலாண்மையில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மெய்யான செய்தியைப் பொய்யென்று தள்ளுவது. வகுப்பில் அதைப் பற்றி நன்றாகவே பேசியிருந்தேன். அந்த வாசலில் அது எனக்கு உதவவில்லை. மதினியின் முகம் சிவந்திருந்தது. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெரியகருப்பனைப் பார்த்துத்தான் பேசினார். "எங்க வீட்டுப் புள்ளண்ணே. படிப்புக்காகச் செஞ்சது. தப்பு எங்க மேலதான். நாளைக்குக் காலையில மண்டபத்துல துண்டு இருக்கும்."

"ஒரு சந்தேகம்னா கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?" என்றார் அவர். "கடை நம்பரு உங்க பில்லுலயே கெடக்கே." மதினி உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

இருப்பில் பாதித் துண்டுகள்தான் இருந்தன. முருகேசன் பக்கத்துக் கூடங்களுக்கு ஓடினார். கடன் கேட்ட மாதிரி கூச்சத்தோடு ஒவ்வொரு கட்டாக வாங்கிவந்தார். நெசவாளர்கள் தறியை விட்டிறங்கி ஓரம் தைத்தார்கள். நான் மடித்தேன். நான் மடித்து வைத்ததையெல்லாம் மதினி உதறி, திரும்ப மடித்தார். அன்று முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த ஊரில் அவ்வளவு காலம் கழித்து, முதல்முறையாக ஈப்போவுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது அந்தத் துண்டுக் கட்டுகளுக்கு நடுவில்தான்.

மறுநாள் விடிந்ததும் மாரி அண்ணனின் வேனில் சரக்கு ஏறியது. மதினி முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "ஏத்தா, வரலையா நீ?" என்றார். ஏறிக்கொண்டேன். செக்கானூரணி தாண்டியதும் இருபுறமும் மழைக்குக் காத்திருக்கும் நிலம், கருவேல மரங்கள், எங்காவது ஒரு கிணற்றைச் சுற்றி மட்டும் கொஞ்சம் பச்சை. நம்மூர் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, இவ்வளவு தூரம் தடையில்லாமல் தெரிவதே ஆச்சரியம். வெகுநேரம் கழித்து மதினி வாயைத் திறந்தார்.

"உன் பரீட்சைக்கு நாங்கதான் கெடச்சோமாத்தா?"

"மன்னிச்சிருங்க மதினி. மோசடிக்காரன்கிட்ட ஏமாந்துறக் கூடாதுன்னுதான்..."

"ஏமாந்தாக்கூட பணந்தான் போகும். இந்த மனுசன் போனா வருவாரா?" என்றார். பிறகு, "ஆனா நானும் ரொம்ப ஆடிட்டேன். சிரிப்பு தாங்கல எனக்கு" என்றார். மாரி அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே குலுங்கினார். அதன் பிறகு மூன்று பேரும் சிரித்துக்கொண்டேதான் போனோம்.

துண்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்டோவில் வந்திறங்கிய தாய்மாமன்களுக்கெல்லாம் பெரியகருப்பன் போர்த்தினார். பந்தியில் கறிச்சோறு பரிமாறியவர் அவருடைய மகள். என் இலைக்கு முன்னால் நின்று, "நீங்கதானா அந்தத் தேன்மொழி?" என்று மேலும் கீழும் பார்த்தார். பிறகு எலும்பில்லாத கறியாகத் தேடி இரண்டு கரண்டி வைத்தார். தூரத்தில் நின்ற அவர் கணவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அறிக்கையைத் திரும்ப எழுதினேன். பயிற்சி பலித்தது என்ற வரியை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், மெய்யை உறுதிசெய்யக் கற்றுக்கொடுக்கவில்லை என்றும் எழுதினேன். மிகையான எச்சரிக்கையின் விலையை அளந்து காட்டும் அறிக்கை அதிகம் வருவதில்லை என்று பேராசிரியை குறிப்பெழுதி, நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தார். கொள்கை இப்போது நான்கு வரிதான். மதினி சொல்லச் சொல்ல நான் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். "புது நம்பரா? பழைய நம்பருக்குப் பேசு. கெடைக்கலையா, கடைக்குப் பேசு. குரலக் கேக்காம சரக்கும் அனுப்பாத. குரலக் கேக்காம இல்லேன்னும் சொல்லாத." அதை எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள். வங்கி எண்ணைக் கத்திச் சொல்வது நின்றுவிட்டது. கைப்பேசிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அதைத் திறக்கும் எண் டீக்கடைக்காரருக்குத் தெரியும். படிப்பில் இதை எஞ்சிய ஆபத்து என்பார்கள். அதோடு வாழலாம் என்று தீர்மானிப்பதும் மேலாண்மைதான்.

போன வாரம் படிப்பு முடிந்தது. கடைசி வாய்மொழித் தேர்வு முடிந்து, கணினியை மூடிவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போனபோது ஈப்போவிலிருந்து அம்மா கூப்பிட்டார். தறிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"பாஸாயிட்டியா? நல்லதும்மா. எல்லாம் முடிஞ்சதுதானே, வீட்டுக்கு எப்ப வர்றே?"

"அடுத்த மாசம் வாரேம்மா."

"வாரேனாம்" என்று அம்மா சிரித்தார். "அந்த ஊர்க்காரியாவே ஆயிட்ட."

எனக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த மதினி, நான் ஊருக்குப் போவதைப் புரிந்துகொண்டு, காதைப் பொத்தியிருந்த என் கையை விலக்கினார். "போயிட்டு வீட்டுக்கு எப்பத்தா வருவ?" என்று சத்தத்துக்கு மேலே கேட்டார். அம்மா அந்தக் காதில் அதே கேள்வியின் பதிலுக்குக் காத்திருந்தார். வீடு என்றுதான் இருவரும் சொன்னார்கள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஒரே தடவை, கொஞ்சம் சத்தமாக, "சீக்கிரம் வந்துருவேன்" என்றேன். இரண்டு பேருக்கும் திருப்தியாக இருந்தது.