ஷேர் ஆட்டோவில் ஒரு கூரைச் சட்டம்

இன்று சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டில் ஒரு பெண். மடியில் லேப்டாப், கண்ணில் தண்ணீர்.

"இன்னா பாப்பா, இன்னா ஆச்சு?" என்றேன்.

திருநெல்வேலிக்காரி. தொழிற்சாலை ஷெட் கட்டும் கம்பெனியில் டிசைன் வேலை, இன்னும் பயிற்சிக் காலம். கூரையைத் தாங்கும் மெல்லிய தகட்டுச் சட்டம் ஒன்றை சாஃப்ட்வேரில் வரைந்து சோதித்திருக்கிறாள். எவ்வளவு பாரம் வைத்தாலும் அது முறுக்கிக்கொள்ளவே இல்லையாம்.

"நல்லதுதானே?"

"இல்ல அங்கிள், இவ்வளவு நல்லா வரவே வராது. எங்கயோ தப்பு. போனதும் மேனேஜர் கேப்பாரு. போன தடவையே திட்டுனாரு, இப்ப வேலைய விட்டே தூக்கிருவாவ."

ஒரகடத்தில் பாதி ஷெட் என் யோசனையில் எழுந்தவை. கட்டினவர்களுக்கே அது தெரியாது. திரையை உற்றுப் பார்த்து, "பெட்டி ஷோக்கா கீது பாப்பா" என்றேன்.

"பெட்டியா? இது ஒரு பக்கம் தொறந்த சட்டம்லா..." என்றவள் சட்டென்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வரையும்போது இரண்டு ஓரங்களையும் ஒட்டவிட்டிருக்கிறாள். சாஃப்ட்வேரும் மூடின பெட்டி என்றே நம்பிவிட்டது; மூடின பெட்டி லேசில் முறுக்காது. பிரித்துவிட்டதும் திரையில் சட்டம் நன்றாக முறுக்கிக்கொண்டது. அதைப் பார்த்து அவளுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே!

"இனி முறுக்காம நடுவுல கம்பி கொடுத்துப் பிடிச்சிருவேன். அங்கிள், நீங்க இன்ஜினியரா?"

"ரிட்டையர்ட்" என்றேன்.

எட்டாம் வகுப்பிலேயே ரிட்டையர் ஆனதைச் சொல்வதற்குள் அவள் ஸ்டாப்பிங் வந்துவிட்டது.

உங்கள் ஷெட் எதுவும் முறுக்கினால் கமெண்டில் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.