அண்ணன் இறக்கி வைத்த மூன்று லிட்டர் எண்ணெய்

2024 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு, பெஹாலா வீட்டில், அண்ணனை எடைக் கருவியில் நிற்கவைத்தேன். ஏழு மணிக்கு மாத்திரைகள். ஏழேகாலுக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றி மேசைமேல் வைத்தேன். இதயம் தளர்ந்திருந்ததால், தண்ணீர், தேநீர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அவ்வளவுதான் என்பது மருத்துவர் விதித்த அளவு. வேறு எது குடித்தாலும் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். வழக்கமாக எட்டரைக்கு வங்கி வேலைக்குக் கிளம்பி, மாலை ஆறு மணிக்குத் திரும்பி, பாட்டிலைப் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

அன்று எடை ஒரே வாரத்தில் மூன்று கிலோ கூடியிருந்தது. கால்கள் வீங்கியிருந்தன, நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது. மருத்துவரை அழைத்தேன். மாத்திரையைக் கூட்டிச் சொன்னவர், மூன்று நாளில் எடை இறங்காவிட்டால் மறுபடி மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும் என்றார். ஆகஸ்டில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த நாளில் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இனிமே அங்க வேண்டாம் பாப்பா. எதுன்னாலும் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

அண்ணன் பிறந்தது வங்காளத்தின் கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில். அப்பா தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். அவர் காலமானபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. படிப்பை விட்டுவிட்டு, கன்டெய்னர் லாரிகள் ஓட்டும் ஒரு நிறுவனத்தின் பணிமனையில் சேர்ந்தார். என்னை எம்.காம். வரை படிக்க வைத்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் பணிமனைப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றார். கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைப்பதும், கறுத்த நகங்களோடு சாப்பிட உட்காரக் கூச்சப்படுவதும் அவர் இயல்பு.

அவர் வேலையைப் பற்றி உறவினர்கள் பலருக்குத் தெரியாது. ஒரு நிகழ்ச்சியை மட்டும் எழுதுகிறேன்; அவரே பலமுறை சொன்னது.

ஓர் ஆண்டு, கருவிகளையும் வண்டிகளையும் கும்பிடும் விஸ்வகர்மா பூஜை முடிந்த வாரம், ஒரு லாரியில் எஞ்சின் ஆயிலின் சூடு எல்லை தாண்டியது. ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் அடைத்துவிட்டது, மாற்றிவிடலாம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அண்ணன் ஒப்பவில்லை.

"முதல்ல மீட்டர் பொய் சொல்லுதான்னு பாரு. எஞ்சினை அப்புறம் குத்தம் சொல்லலாம்" என்று வேறொரு வெப்பமானியால் ஆயிலை அளந்தார். மீட்டர் சரி. ரேடியேட்டர் தண்ணீரின் சூடும் சரியாகவே இருந்தது. தண்ணீர் சரி, ஆயில் மட்டும் சூடு என்றால் கூலரைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றார்கள். "கூலரைக் கழட்ட அரை நாள். கம்பியை உருவ அரை நிமிஷம்" என்று லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினார். மேல்கோட்டுக்கும் இரண்டு விரல் மேலே நின்றது எண்ணெய், நுரையோடு.

"யாருய்யா ஊத்துனது?"

"பூஜைக்கு ஒரு லிட்டர், தாதா" என்றார் டிரைவர்; தாதா என்றால் அங்கே அண்ணன். பூஜையன்று, அந்த வண்டியால் பிழைப்பவர்கள் தம் கையால் எண்ணெய் ஊற்றிக் கும்பிடுவது அந்தப் பணிமனை வழக்கம். விசாரித்தால், இரண்டாவது டிரைவரும் ஒரு லிட்டர். முதலாளியின் தம்பியும் ஒரு லிட்டர். ஒருவருக்கு மற்றவர் ஊற்றியது தெரியாது. அளவு மீறினால் கீழே சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த எண்ணெய் சூட்டைச் சுமக்காது. மூன்று லிட்டரை இறக்கியதும் சூடு அடங்கியது.

வழக்கத்தை அண்ணன் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல், பூஜைக்கு முந்தைய நாள், ஒவ்வொரு வண்டியிலும் மூன்று லிட்டரைத் தாமே இறக்கி வைத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வங்கிக்குப் போகவில்லை. என் நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்; ஒரு நாளும் அளவு மீறவில்லை. பிறகு பத்துக் கிலோ அரிசிப் பையை எடைக் கருவிமேல் வைத்தேன். சரியாகப் பத்து காட்டியது. கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார்.

"மீட்டர் சரியா?"

"சரி அண்ணே. அப்ப யாரு ஊத்துறாங்க?"

அண்ணிதான் முந்தானையைத் திருகிக்கொண்டு சொன்னார்: "பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் மோர். வாய் காய்ஞ்சு கிடக்காரே." என் கணவர் மூன்று மணிக்குத் தேநீர் கொடுத்திருக்கிறார். எதிர்வீட்டுப் பெண்மணியை நாங்கள் எல்லோரும், வங்க மொழியில் அண்ணி என்ற பொருளில், 'பௌதி' என்போம். அவர் தினமும் ஓர் இளநீர். "ஏ மா! இளநி எப்படித் தண்ணியாகும்? அது காயாச்சே!" என்று வங்க மொழியில் வாதாடினார். கொடுத்த அளவைப் பாட்டிலிலிருந்து மட்டும் யாரும் கொட்டவில்லை.

"முப்பத்தெட்டு வருஷம் டிரைவருங்களைத் திட்டுனீங்களே அண்ணே. நீங்க ஏன் சொல்லல?"

"ஆசையா நீட்டுறாங்க பாப்பா. கையைத் தட்டிவிட முடியுமா?" "வர்றவங்களுக்கு இடம் விட்டு வை" என்று பாட்டிலைக் காட்டினார்.

மறுநாள் முதல் பாட்டிலில் முன்னூறு மில்லி குறைத்தே ஊற்றினேன். அது கொடுப்பவர்களின் பங்கு. அண்ணி கொடுக்க அரை டம்ளர் மோர், என் கணவர் கொடுக்க அரைக் கப் தேநீர், பௌதி கொடுக்க இளநீருக்குப் பதில் அரைக் கப் லால் சா, அதாவது பாலில்லாத தேநீர். மூன்றாம் நாள் எடை இறங்கத் தொடங்கியது. அண்ணன் மருத்துவமனைக்குப் போகவில்லை. நான்கு மாதங்களுக்கு மேல் வீட்டில் இருந்தார்; துர்க்கா பூஜையின் தாக் மேளத்தைச் சன்னலோரம் உட்கார்ந்து கேட்டார். 2025 பிப்ரவரி 2, ஞாயிறு பிற்பகல், தம் கட்டிலில், அண்ணியின் கை தம் கைமேல் இருக்க, அமைதியாக மூச்சை நிறுத்தினார்.

அண்ணனுக்காக ஓடிவந்து உதவிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். கொடுக்க ஆசையிருந்தும் வெறுங்கையோடு வந்து, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களை இன்னும் கூடுதலாக நினைத்துக்கொள்கிறோம். அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 3, திங்கள். எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. ஏழு மணிக்குப் பௌதி ஃபிளாஸ்கில் லால் சா கொண்டுவந்தார். யாரும் குடிக்கும் முன் அண்ணி அதை வாங்கி, அண்ணனின் கோப்பையில் விளிம்புவரை ஊற்றி, விளக்கின் முன் வைத்தார். நோட்டு என் மடியில் விரிந்திருந்தது. அந்த அளவை நான் எழுதவில்லை.