கிணற்றுக்குள் தண்ணீர் கேட்டவன்

யுத்தம் முடிந்து நாங்கள் வட்டக்கச்சியில் மீளக் குடியேறிய மறுவருடம் சித்தப்பாவின் சிறுகதையொன்று ஞாயிற்றுப் பத்திரிகையில் வந்தது. வற்றிய கிணறொன்றுக்குள்ளிருந்து ஒருவன் நடுமத்தியானத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கிறான், அவ்வளவுதான் கதை. அது குறியீடு என்று அவருடைய நண்பர்கள் இருவர் பாராட்டினார்கள். எதன் குறியீடு என்பதில் இருவருக்கும் பிடுங்குப்பாடு. கதை படித்து எவரும் அசைந்ததில்லை என்று சித்தப்பா சிரித்தார்.

அடுத்த வளவு மாமி அசைந்துபோனார். கடைசிச் சண்டையில் அவருடைய ஒரே மகன் காணாமற்போயிருந்தான். பத்திரிகையை மடித்துப் பிடித்தபடி எங்கள் படலைக்கு வந்தார்.

“தம்பி, இது எங்கட பின்வளவுக் கிணறுதானே?”

“இல்லையக்கா, சும்மா கற்பனை.”

“கற்பனையெண்டால் அவன் ஏன் ‘பிள்ளை, தண்ணி தா’ எண்டு கேக்கிறான்? என்ர மோன் மட்டும்தான் என்னைப் பிள்ளையெண்டு கூப்பிடுறவன். தெரிஞ்சதை வெளியில சொல்லேலாமல்தானே கதையாய் எழுதினனீங்கள்?”

வேலிக்கு அப்பாலிருந்து எப்போதோ காதில் விழுந்த சொல், எழுதும்போது தானாக வந்துவிட்டது என்று சித்தப்பா பிறகு அம்மாவிடம் சொன்னார். மாமியிடம் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து மாமி மத்தியானத்தில் செம்பும் கையுமாகத் தன் பின்வளவிலிருந்த வற்றிய கிணற்றுக்குப் போய், தண்ணீரை மெல்ல உள்ளே வார்க்கத் தொடங்கினார். ஒருநாள் நானும் பின்னால் போய் நின்றேன். வெயில் எரித்தது. ஒரு காகம்கூடக் கரையவில்லை. தண்ணீர் அடியிலிருந்த கல்லில் விழுந்து சிதறிய சத்தம் அடங்கியபின், கீழே ஒரு தொண்டை எதையோ விழுங்குவதுபோலக் கேட்டது. மாமி திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஓடிவந்து சொன்னேன். அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினார். சித்தப்பா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, “உண்மையாய்க் கேட்டதோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஓம் என்றேன். அவருடைய முகம் வெளிறிப்போனது.

சில நாட்களில் மாமி மறுபடி வந்தார். கையில் தலை துவட்டவென்று தோய்த்துக் காயவைத்த துவாயொன்று.

“தம்பி, அடுத்த கதையில அவனை மேல கொண்டு வாங்கோ. நீங்கள் எழுதினால் வருவான்.”

சித்தப்பா எழுத உட்கார்ந்தார். அவன் ஏறி வருகிறான் என்று ஒரு வரி எழுதி வெட்டினார். அவனுடைய குரல் ஓய்ந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினார், அதையும் வெட்டினார். வேலியடியில் மாமி துவாயை விரித்துப் பிடித்தபடி நின்றார்.

“ஒரு வரிதானே, எழுதுங்கோவன் சித்தப்பா” என்றேன்.

அவர் பேனையை மூடி வைத்தார். அதன்பிறகு அவர் கதையே எழுதவில்லை. அவருக்குக் கற்பனை தீர்ந்துபோய்விட்டதென்றுதான் நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.