பேணியில் மிஞ்சிய குளிசைகள்

முல்லைத்தீவுப் பக்கத்து மருந்துச்சாலை ஒன்றில் நான் மருந்து கலந்து கொடுத்த காலத்தில், அங்கே கூட்டித் துடைக்கும் நாட்கூலி வேலையில் இருந்தவர் சபூறா அக்கா. புருஷன் கருவாட்டு வியாபாரி, காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு குமர்களை வைத்துக்கொண்டு அந்தக் கூலியில்தான் அவர் குடும்பம் நடந்தது. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வருகிற சனம் என்னிடம் கேட்பதற்கு முன் அவரிடம்தான் எதையும் கேட்கும். எனக்கு அதில் உள்ளுக்குள் எரிச்சல் உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

1963 இல் கொழும்பிலிருந்து டொக்டர் கதிர்காமநாதன் ஜீப்போடு வந்தார். கொழுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி, கண்ணும் நகமும் வெளிறி, கால் வீங்கி, கடைசியில் இதயம் களைத்துச் சனம் சாவது அவருக்குத் தெரிந்திருந்தது. புழுவைக் கொன்ற பிறகு, இரண்டு வித இரும்புக் குளிசைகளில் எது இரத்தத்தைக் கெதியாகக் கூட்டுகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. நாற்பது பேரைத் தெரிந்தெடுத்தார். ஆளுக்கொரு தகரப் பேணி, அதில் நாற்பத்திரண்டு குளிசை. நாளுக்கு மூன்று வீதம் பதினான்கு நாள் குடித்துவிட்டுப் பேணியோடு வரவேண்டும்.

நல்ல மனிதர்தான். ஆனால் கணக்கெழுதும் கொப்பியை நம்புகிற அளவுக்கு ஆட்களை நம்பமாட்டார். பேணியில் ஒரு நாள் குளிசை மிஞ்சினால் அந்த ஆள் ஒழுங்கில்லை. இரண்டு தரம் மிஞ்சினால் பெயரை வெட்டு. வெட்டுப்பட்டவருக்குக் குளிசையும் இல்லை, ஜீப்பும் இல்லை. இரத்தம் ஏற்ற வேண்டியவர்களை ஜீப் இரண்டு மணித்தியாலத்தில் வவுனியா ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பட்டியலில் இல்லாதவனுக்கு மாட்டுவண்டி, அதற்குப் பிறகு வந்தால் வருகிற பஸ். அவன் போய்ச் சேர்வது அவன் தலையெழுத்து.

முதலில் குளிசை வாங்கியவர்கள் காட்டுக்குள் ஒன்பது மைல் தள்ளியிருந்த ஒரு ஊரின் எட்டுப் பேர். இரண்டு தரமும் எட்டுப் பேணியிலும் குளிசை மிஞ்சியிருந்தது. டொக்டர் சொல்ல, நான்தான் சிவப்பு மையால் பெயர்களைக் கீறினேன். ‘இனி வரத் தேவையில்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். காரணம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, றோட்டோர ஊர்களின் முப்பத்திரண்டு பேருக்கு இரண்டாவது எண்ணிக்கை. முதல் ஆளாக ஆசியா உம்மாவை வண்டியிலிருந்து இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். கால் இரண்டும் வீங்கி மினுங்கின. ஒரு சொல் சொல்ல மூன்று தரம் மூச்சு வாங்கினார். நான் பேணியைக் கவிழ்த்தேன். மூன்று குளிசை. முதல் தரமும் மூன்று.

"வெட்டும்," என்றார் டொக்டர்.

"டொக்டர், இவவுக்கு இண்டைக்கே இரத்தம் ஏத்தாட்டில்..."

"அது எனக்குத் தெரியாதோ? குடுத்த மருந்தைக் குடிக்காத ஆளுக்கு ஜீப் விட்டால், குடிச்ச ஆளை எதில ஏத்துறது? வெட்டும்."

நான் சிவப்புப் பேனையைத் திறந்தேன்.

"எதுக்கு வெட்டுறியள்?" வாசலில் விளக்குமாறோடு நின்ற சபூறா அக்கா கேட்டார்.

"குளிசை மிஞ்சியிருக்கக்கா. குடிக்கேல்லை."

அக்காவின் முகம் வெளிறியதை அன்றுதான் கண்டேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். நாட்கூலிக்காரர் டொக்டரின் மேசைக்குக் கிட்ட வருவது அங்கே வழக்கமில்லை.

"ஐயா, அவா குடிச்சவ. கடைசி நாள் குளிசையை மட்டும் குடிக்காமல் பேணிக்க விட்டவ. ஒரு வீட்டால வந்த ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறேல்லை, ஐயா. சீனியோ அரிசியோ கொஞ்சம் போட்டுத்தான் குடுப்பினம். பேணியை என்னெண்டு குடுக்கிறதெண்டு பொம்பிளையள் என்னட்டத்தான் கேட்டவையள். வெறுமையாக் கொண்டு வராதேங்கோ, மூண்டு குளிசையை விடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். இதுக்காகப் பேர் வெட்டுறது எனக்குத் தெரியாது."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆளைக் காப்பாத்தக் கதை சொல்லாதை."

"கதையில்லை, ஐயா. போன மாதம் உங்களுக்குத் தேன் தந்தனான். போத்தலை வெறுமையா அனுப்பினீங்கள். ஐயா கொழும்பு எண்டு நான் ஒண்டும் சொல்லேல்லை."

வெளியே நின்றவர்களில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். டொக்டரின் காது சிவந்தது. இன்றோடு அக்காவின் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனாலும் அவர் அசையவில்லை.

"வெளியில நிக்கிறவையின்ர பேணியளையும் பாருங்கோ. மறந்துபோனவை எல்லாரும் ஒரே கணக்கிலயோ மறப்பினம்?"

டொக்டர் எழுந்து வெளியே போனார். வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொரு பேணியாக வாங்கித் திறந்தார். ஆசியா உம்மாவுக்கு மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு பேணி. இருபத்தாறில் சரியாக மூன்று. திரும்பி வந்து என் கொப்பியைப் புரட்டினார். காட்டு ஊர்க்காரர் எட்டுப் பேருக்கு நேரேயும், இரண்டு தரமும், மூன்று, மூன்று, மூன்று. என் கையெழுத்துத்தான். எண்ணி எண்ணி எழுதியவன் நான், ஒரு நாளாவது அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது.

"ஜீப்பை எடுக்கச் சொல்லும்," என்றார் டொக்டர்.

ஆசியா உம்மாவை ஏற்றினார்கள். அவர் பிழைத்தார்; அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். ஜீப் போன தூசி அடங்கமுதல் சபூறா அக்கா கேட்டார்:

"அப்ப அந்த எட்டுப் பேரும், ஐயா?"

ஆராய்ச்சியில் வெட்டிய பெயரைத் திரும்பச் சேர்க்க முடியாது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அதில் நியாயம் இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியும். ஆனால் இருப்பில் இருந்த சாதாரண இரும்புக் குளிசையை எட்டுப் பேருக்கும் கொடுக்கச் சொன்னார். யாருக்காவது கடுமையென்றால் ஜீப்பை அனுப்புவதாகவும் சொன்னார். அக்காவை வேலையால் நிறுத்தவும் இல்லை.

அடுத்த நாள் விடிய நானும் அக்காவும் நடந்தோம். யானைத் தடம் கிடந்த பாதை. ஒன்பது மைலில் அக்கா ஒரு பகிடிகூட விடவில்லை. "நான் சொல்லிக் குடுத்தது, தம்பி," என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். வெட்டியது நான் என்று நானும் சொன்னேன். ஆளுக்கு ஆள் ஆறுதல் சொல்ல எங்களிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ஏழு பேர் குளிசையை வாங்கிக்கொண்டார்கள். எட்டாவது வீடு வீரகத்தியுடையது. அவர் செத்து ஒன்பது நாள்.

மனைவி இரஞ்சிதம் எங்களைக் கண்டு எழுந்து, உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் தந்தார். கோபமே இல்லை. அது இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஒண்டு கேக்க வேணும்," என்றார். "அண்டைக்கு வரவேண்டாம் எண்டு சொன்னியள். தான் டொக்டருக்கு முன்னால ஏதோ மரியாதையில்லாமல் நடந்திட்டன் எண்டு அவர் சொல்லிச் சொல்லி மறுகினவர். வருத்தம் கூடி, காலும் வீங்கி, வண்டியில ஏத்திக்கொண்டு வாறம் எண்டு நாங்கள் கேட்டும் மாட்டன் எண்டிட்டார். எந்த முகத்தோட அங்க போறது எண்டார். என்ன பிழை விட்டவர், தம்பி?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சொல்ல வேண்டியவன் நான்.

"அவர் ஒரு பிழையும் விடேல்லை, அம்மா. பிழை எங்கட."

இரஞ்சிதம் நாங்கள் தண்ணீர் குடித்த செம்பை எடுத்தார்.

"அதை அவர் இருக்கேக்க வந்து சொல்லியிருக்கலாமே, தம்பி."