மாத்திரைக்காக வந்த தொலைபேசி

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. தொலைபேசி இரண்டே இடத்தில் இருந்தது: துரை பங்களாவில் ஒன்று, என் மேசையில் ஒன்று.

பால்மரம் வெட்டும் ஒருத்தியின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய். பதினாறு வயது. கோலாலம்பூரில் பல மாதம் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவள் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். விட்டால் நோய் திரும்பிவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் மாத்திரையை விட்டுவிடுவார்கள் என்று, அந்த ஆஸ்பத்திரியின் தமிழ் நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், மாலையில் ஆபீஸுக்கு அழைத்து ஞாபகப்படுத்துவார்.

"அவகிட்ட குடுங்க ஐயா, நான் பேசுறேன்."

நான் கொடுக்கவில்லை. தொழிலாளர்கள் ஆபீஸுக்குள் வருவதில்லை. சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். அப்படியொரு சட்டம் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். ரிசீவரைக் கையில் பிடித்தபடியே வெளியே நிற்கும் அந்தப் பிள்ளையிடம் கேட்பேன்.

"மாத்திரை போட்டாச்சா?"

"ஆச்சுங்க ஐயா."

"ஆச்சாம், மிஸ்ஸி."

"நான்கூட இவ்வளவு ஒழுங்கா போடமாட்டேன் லா" என்று ஒருநாள் மிஸ்ஸி சிரித்தார்.

களை பிடுங்கியாச்சா, பால் கோப்பை கழுவியாச்சா என்று எதைக் கேட்டாலும் தோட்டத்தில் எனக்குக் கிடைக்கும் பதில் "ஆச்சுங்க"தான். அதில் பாதி பொய் என்று தெரிந்தவன் நான். இதை மட்டும் நம்பினேன், அல்லது நம்புவது சுலபமாக இருந்தது.

அடுத்த முறை கோலாலம்பூர் போனபோது, இரத்தச் சோதனை முடிவைப் பார்த்து டாக்டர் சந்தேகப்பட்டார். விசாரித்தபோது, பல வாரமாக மாத்திரை விழுங்கவில்லை என்று ஒப்புக்கொண்டாளாம். தாய் அவளை என் சன்னலுக்கு இழுத்து வந்தாள்.

"ஐயாகிட்டயே பொய் சொல்லுவியாடி?"

"இல்லேன்னு சொன்னா ஒன்னத்தானேம்மா ஏசுவாரு."

அன்று மிஸ்ஸியின் அழைப்பு வந்ததும் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசினாள். "போட்டா கொமட்டுது மிஸ்ஸி. சோறே எறங்கல." படுக்கப்போகும் முன் போடு என்றார் மிஸ்ஸி. இதைக் கேட்டுச் சொல்ல யாருக்கும் ஐந்து நிமிடம் போதும். பிறகு அவள் ஒழுங்காக விழுங்கினாள்.

அடுத்த ஆண்டு நோய் திரும்பியது. அவள் பிழைக்கவில்லை. விட்டுப்போன மாத்திரைகளால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

சாவு வீட்டில் எல்லாரும் தரையில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்தத் தாய் எழுந்து, "ஐயாவுக்கு நாற்காலி போடுங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.