இரண்டு பேர் சேர்ந்து போடவேண்டிய வழக்கு

“யாரு சொத்தும்மா அது?” என்று கேட்டார் வக்கீல் லூர்துசெல்வி.

“தெருப் பொம்பளைங்க தைக்கட்டும்னு அந்தக் காலத்துல ஒரு புண்ணியவான் எழுதி வெச்ச கூடம். பாத்துக்கிட்டிருந்தவரு செத்துட்டாரு. அவரு புள்ள பூட்டு போட்டுட்டான். செல்போன் கடைக்கு விடப்போறானாம். மெஷினெல்லாம் உள்ள கெடக்குது. எனக்குப் பொழப்பே அதான்” என்றாள் கார்குழலி.

“அறக்கட்டளைச் சொத்து. கேஸ் போடலாம். ஆனா நீங்க ஒருத்தரா போட முடியாது. பாத்தியதை உள்ளவங்க ரெண்டு பேராவது சேரணும். வேற யாரு அங்க தைக்கிறாங்க?”

“மத்தவங்கல்லாம் கம்பெனிக்குப் போயிட்டாங்க.” கார்குழலி மின்விசிறியைப் பார்த்தாள். “சின்னப்பாப்பான்னு ஒருத்தி இருக்கா. அவகூட நான் பேசறதில்ல.”

“பேச வேணாம். கையெழுத்து போட்டா போதும்.”

கருவடிக்குப்பத்தில் வீட்டின் முன்னறைதான் லூர்துசெல்வியின் அலுவலகம். படிப்பகம், மண்டபம், குளம் என்று பொதுவுக்கு எழுதிவைத்ததை யாராவது தனதாக்கிக்கொண்டால், அந்த வழக்கை விரும்பி எடுத்துக்கொள்வார். விவாகரத்து வழக்குகளை எடுத்திருந்தால் இந்நேரம் மாடி கட்டியிருக்கலாம் என்று தம்பி யூஜின் சீண்டுவான். “பிரிக்கிறதுக்கு ஊர்ல ஆளா இல்ல? போடா” என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. இருவர் சேர்ந்து வழக்குப் போட்டால் மனுவின் நகல் ஒன்றுதான் தருவார். சின்னப்பாப்பாவும் கையெழுத்துப் போட்ட பிறகு, இருவரும் குடியிருந்த நெல்லித்தோப்பில் கார்குழலி அதை உரக்கப் படிப்பாள். சின்னப்பாப்பா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொள்வாள். யாரோ ஒருத்தியின் கல்யாண ரவிக்கையின் அளவைக் கெடுத்தது யார் என்று வந்த சண்டையில்தான் இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது.

“என் பேரு ஏன் ரெண்டாவதா இருக்குன்னு கேட்டு சொல்லுங்க வக்கீலம்மா” என்றாள் சின்னப்பாப்பா, பக்கத்து நாற்காலியிலிருந்த கார்குழலியைத் திரும்பியும் பாராமல்.

“முன்ன பின்ன இருந்தா என்ன? ஏறப்போறது ஒரே கூண்டுதானே” என்றார் லூர்துசெல்வி.

வாய்தாவுக்கு வாய்தா ஒரே பேருந்தில் போய்வந்தார்கள். ஒருநாள் சின்னப்பாப்பா பையை வைத்து இடம் பிடித்தாள். பிடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார்குழலி உட்கார்ந்தாள்.

வழக்கு முடியும்வரை கூடம் திறந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று சாயங்காலமே இருவரும் மெஷின்களைத் துடைத்து எண்ணெய் விட்டார்கள். மறுவாரம் கார்குழலி தைத்த முதல் பாவாடைக்குச் சின்னப்பாப்பா கேட்காமலே நாடா கோத்துக் கொடுத்தாள்.

கடைசியில் கூடத்துக்குப் புது நிர்வாகிகளை நியமிக்கும் கட்டம் வந்தது. நீதிமன்ற வராந்தாவில் லூர்துசெல்வி கார்குழலியைத் தனியே அழைத்தார்.

“ரெண்டு பேரு சொல்லணும்மா. ஒண்ணு உங்க பேரு, அதை நான் எழுதிட்டேன். இன்னொண்ணை நீங்க உங்க வாயால ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா வக்கீல் சொன்னதாப் போயிடும்.”